ஜெபத்துக்கு மீதி நேரம் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போதும் பேசும்போதும் சபை வளர்ச்சி, ஊழியம், இளைஞர் கூட்டம், கட்டட நிதி, பாடல் குழு என்று நிறைய வருகிறது. ஜெபமும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்பதுபோல "ஜெபத்தோடு செய்வோம்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இது மிகவும் கவலையாக இருக்கிறது. நாம் ஜெபத்துக்குக் கொடுப்பது மற்ற எல்லாம் போக மீதியிருக்கும் நேரம், ஆனால் அப்படி மீதி என்று ஒன்று யாருக்கும் எந்த நாளும் இருப்பதில்லை. எனவே ஜெபத்துக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்க வேண்டும், அதற்காகச் சில நல்ல வேலைகளைக்கூட நம் கையிலிருந்து வேறொருவர் கைக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

எந்தச் சபையின் கமிட்டிக் கூட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து இரண்டு நிமிடம் ஜெபிப்பார், அது கூட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அப்புறம் இரண்டு மணி நேரம் கணக்கு, விவாதம், சில நேரம் சண்டை. முடிவில் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அவசரமாக ஒரு ஜெபம் சொல்லி முடிப்பார். நடுவில் ஒரு பிரச்சினை சிக்கலாகும்போது, "சரி, இதைப் பேசுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஜெபிப்போம்" என்று யாராவது சொன்னால் அவரை விநோதமாகப் பார்ப்பார்கள். ஆண்டவருடைய சபைக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் ஆண்டவரிடம் கேட்பது விநோதமாகத் தெரிகிறது என்றால் எங்கேயோ தடம் மாறிவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

நேரம் இல்லை என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். அது முழு உண்மை இல்லை என்று நினைக்கிறேன். ஒரு கூட்டம் நடத்தினால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணலாம், ஒரு கட்டடம் கட்டினால் கண்ணால் பார்க்கலாம், ஒரு பிரசங்கம் செய்தால் நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொல்வார்கள். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் முழங்காலில் நின்றால் எண்ணுவதற்கும் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை, பாராட்ட ஆளும் இல்லை. அதனால்தான் அது தள்ளிப்போகிறது. ஆனால் இயேசு மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் கற்றுக்கொடுத்ததே இப்படிப்பட்ட ஜெபத்தைத்தான். உன் அறைக்குள் போ, கதவைப் பூட்டு, அந்தரங்கத்திலிருக்கிற உன் பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு என்கிறார். தெருச் சந்திகளில் நின்று மனுஷர் பார்க்கும்படி ஜெபிக்கிறவர்களுக்கு அந்தப் பார்வையே பலன், அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்கிறார். மைக் முன்னால் நீண்ட நேரம் உருக்கமாக ஜெபிக்கிற நமக்கு இந்த வசனம் பயத்தைக் கொடுக்க வேண்டும்.

மாற்கு முதல் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இயேசு கப்பர்நகூம் என்ற ஊரில் இருக்கிறார், அன்று ஓய்வுநாள். ஜெப ஆலயத்தில் போதனை, அசுத்த ஆவி பிடித்தவனுக்கு விடுதலை, அப்புறம் சீமோன் வீட்டில் அவனுடைய மாமி ஜுரத்திலிருந்து சுகம், சூரியன் அஸ்தமித்த பிறகு பட்டணம் முழுவதும் வீட்டு வாசலில் கூடி நிற்கிறது. அப்படி ஒரு நாளுக்கு மறுநாள் காலை நாம் என்ன செய்வோம்? தூங்குவோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அவர் "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப் போய், அங்கே ஜெபம்பண்ணினார்" என்று எழுதியிருக்கிறது. சீமோனும் மற்றவர்களும் தேடிக்கொண்டு போய், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்கிறார்கள். அந்தக் குரலில் கொஞ்சம் குறை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது, இவ்வளவு பேர் காத்திருக்கும்போது இங்கே என்ன செய்கிறீர் என்பதுபோல. அதற்கு அவர் வாருங்கள் திரும்பிப் போவோம் என்று சொல்லவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகவேண்டும், அங்கேயும் பிரசங்கம்பண்ண வேண்டும், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். வாசலில் நிற்கும் தேவை உண்மையான தேவைதான், ஆனாலும் அடுத்து எங்கே போவது என்பதை அந்தக் கூட்டம் முடிவு செய்யவில்லை. இருட்டோடு எழுந்து பிதாவோடு பேசிவிட்டு வந்தவருக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. நம்மில் பலர், குறிப்பாக ஊழியத்தில் இருக்கிறவர்கள், யார் கூப்பிட்டாலும் ஓடி ஓடிச் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. தம் பன்னிரண்டு சீடர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் அவர் ஒரு மலைக்குப் போய் இரவு முழுவதும் ஜெபித்தார் என்று லூக்கா எழுதுகிறார். நம் சபைகளில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முந்தின இரவு என்ன நடக்கிறது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை, படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இதைவிடவும் என்னை யோசிக்க வைப்பது அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில், அதாவது தினசரி உணவு உதவியில், குறை வைக்கிறார்கள் என்று முறுமுறுப்பு வருகிறது. இது சின்ன விஷயம் இல்லை. பசி சம்பந்தப்பட்டது, மொழிப் பாகுபாடு சம்பந்தப்பட்டது, சபை உடைந்துபோகக்கூடிய விஷயம். நாமாக இருந்தால் தலைவர்களே நேரில் இறங்கிக் கையில் எடுக்க வேண்டும் என்போம், எடுக்காவிட்டால் ஏழைகள்மேல் அக்கறையில்லை என்று எழுதுவோம். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அந்த வேலையை முழு அதிகாரத்தோடு அவர்களிடம் கொடுத்துவிட்டு, "நாங்களோ ஜெபம்பண்ணுவதிலும் தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியத்திலும் இடைவிடாமல் தரித்திருப்போம்" என்றார்கள். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்கள் ஜெபத்துக்காக விட்டுக்கொடுத்தது வீண் பொழுதுபோக்கை அல்ல, மிக நல்ல ஒரு வேலையை. ஃபோனைக் குறைத்தால் ஜெபத்துக்கு நேரம் கிடைக்கும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அது சரிதான், குறைக்க வேண்டும்தான். ஆனால் பலருக்கு ஜெபத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பொழுதுபோக்கு அல்ல, ஊழியமே. ஞாயிறு பள்ளி, கமிட்டி, பாடல் பயிற்சி, வீடு சந்திப்பு, இன்னொரு கூட்டம். ஆண்டவருக்காக வேலை செய்கிற மும்முரத்தில் ஆண்டவரோடு பேச நேரமில்லாமல் போகிறது. இரண்டாவது, அவர்கள் விதவைகளைக் கைவிடவில்லை. அந்த ஏழு பேரில் ஸ்தேவான் இருந்தார், பிலிப்பு இருந்தார், வேலை இன்னும் நன்றாக நடந்தது. ஜெபிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பை நடுவழியில் போட்டுவிட்டுப் போவது வேறு, ஜெபத்துக்கு இடம் வேண்டும் என்பதால் பொறுப்பைத் தகுதியானவர்களிடம் ஒப்படைப்பது வேறு. எல்லாச் சாவிகளையும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருக்கும் போதகரால் ஜெபிக்க முடியாது, அவரிடமிருந்து சாவிகளை வாங்கிக்கொள்ள முன்வராத சபைக்கும் அவர் ஜெபிப்பதில்லை என்று குறைசொல்ல உரிமை கிடையாது.

"வேலையே ஜெபம்தான், நாள் முழுவதும் மனதுக்குள் ஆண்டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், தனியாக நேரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்று பவுலே எழுதியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற எளிய மனிதர் சமையலறையில் வேலை செய்துகொண்டே கடவுளின் பிரசன்னத்தில் வாழ்ந்தார், அவருடைய கடிதங்களை இன்றைக்கும் உலகம் படிக்கிறது. ஆனால் அவர் இருந்தது மடத்தில், குறித்த வேளைகளில் எல்லாரும் ஜெபத்துக்குக் கூடும் இடத்தில் என்பதை மறந்துவிடக்கூடாது. குறித்த வேளை இல்லாமல் நாள் முழுவதும் ஜெபம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறையில் பெரும்பாலும் நாள் முழுவதும் ஜெபம் இல்லாமல் போவதில்தான் முடிகிறது. "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்று சங்கீதக்காரர் வேளை குறித்துத்தான் பாடுகிறார். ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் திதகே என்ற பழைய நூல் கர்த்தருடைய ஜெபத்தைத் தினம் மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், ஜெப வேளைக்கு மணி கேட்டதும் கையில் எது இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும், ஜெபத்தைவிட முந்தினதாக எதையும் வைக்கக்கூடாது என்கிறார். நம் இஸ்லாமிய நண்பர்கள் தொழுகை நேரம் வந்ததும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து போவதைப் பார்க்கிறோம், மரியாதையோடு வழிவிடுகிறோம். நமக்கும் அப்படி ஒரு மரபு இருந்தது, இருக்கிறது, நாம்தான் அதைக் கைநழுவ விட்டோம்.

தானியேலைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஜெபித்ததற்காக அவரைத் தூக்கிப் போட்ட சிங்கக் கெபிக்குத்தான் ஓடுகிறார்கள். 120 தேசாதிபதிகளுக்கு மேலே இருந்த மூன்று பிரதானிகளில் அவர் ஒருவர், அரசாங்க வேலையில் அவரைவிட மும்முரமானவர் யார்? 30 நாள் ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று சட்டம் வந்த அன்றும் அவர் வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருக்க, "தான் முன் செய்துவந்தபடியே" தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று இருக்கிறது. நெருக்கடி வந்ததும் புதிதாக ஒரு விசேஷ ஜெபத்தை அவர் ஆரம்பிக்கவில்லை. ஆஸ்பத்திரி, பரீட்சை, வேலை இழப்பு என்று வந்தால் மட்டும் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம் என்று ஏற்பாடு செய்கிறோம். ஆபத்தில் கூப்பிடு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், கூப்பிட வேண்டும்தான். ஆனால் ஆபத்தில் மட்டுமே கேட்கும் குரலாக நம் குரல் இருக்கலாமா?

நேரம் ஒதுக்கி உட்கார்ந்தாலும் மனம் நிற்பதில்லை என்று நேர்மையாகச் சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பலர் ஜெபத்தை விட்டுவிடுவது சோம்பலால் அல்ல, இந்தத் தோல்வி உணர்வால்தான். 1535இல் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர் மார்ட்டின் லூத்தர், தம் முடிதிருத்துநர் பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு ஒரு நீண்ட கடிதமே எழுதினார். காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும், "கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம், முதலில் இதை முடிக்க வேண்டும்" என்கிற எண்ணங்களிடம் ஜாக்கிரதையாக இரு, அவை உன்னை ஜெபத்திலிருந்து இழுத்துக்கொண்டே போய்விடும் என்கிறார். நல்ல முடிதிருத்துநர் கத்தியிலும் முடியிலும் கண்ணை வைத்திருக்க வேண்டும், பேச்சிலும் வேடிக்கையிலும் மனம் போனால் மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவார், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று அந்த மனிதருடைய தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்கிறார். அதற்கு வழியாக அவர் காட்டுவது புதிதாக ஒன்றும் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து அதில் நின்று ஜெபிப்பது, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நன்றியாகவும் அறிக்கையாகவும் வேண்டுதலாகவும் மாற்றுவது, அவ்வளவுதான்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர், மனிதரிடம் பணம் கேட்காமல் ஜெபத்தாலேயே அந்த வேலையை நடத்தினார் என்று நமக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவரே காலையில் எழுந்ததும் நேராக ஜெபிக்க உட்கார்ந்தால் ரொம்ப நேரம் மனம் அலைபாய்ந்துகொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறார். பிறகு அவர் முறையை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து சில வசனங்களை மெதுவாகத் தியானித்தார், அந்த வசனமே அவரை ஜெபத்துக்குள் கொண்டுபோயிற்று. இது யாராலும் முடியும். சொந்த வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை எடுத்து உரக்க வாசியுங்கள். கோபமா, அதற்கு ஒரு சங்கீதம் இருக்கிறது, துக்கமா, அதற்கும் இருக்கிறது, "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்கக்கூட 13ஆம் சங்கீதம் இடம் கொடுக்கிறது. ஜெபத்தில் அழகான பாஷை வேண்டும் என்று யார் சொன்னது? இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது ஒரே ஒரு வரி, தண்ணீரில் அமிழ்ந்த பேதுரு சொன்னது அதைவிடச் சின்னது, இரண்டும் கேட்கப்பட்டன.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மார்கள், படுக்கையிலிருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், இரவுப் பணி முடித்து வருபவர்கள், மனச்சோர்வால் எழுந்திருக்கவே முடியாதவர்கள் ஆகியோரிடம் போய் "நீ அதிகாலையில் ஜெபிக்கிறாயா?" என்று கேட்டுக் குற்றவுணர்ச்சியை ஏற்றுவது கொடுமை. அவர்களுக்காக மற்றவர்கள் ஜெபிக்க வேண்டும், முடிந்தால் ஒரு மணி நேரம் அவர்களுடைய வேலையை வாங்கிக்கொண்டு அவர்கள் அமைதியாக உட்கார வழிசெய்ய வேண்டும். நாம் வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8 சொல்வது இவர்களுக்காகத்தான். அதேபோல ஜெபம் என்ற பெயரில் மருந்தை நிறுத்தச் சொல்பவர்களையும், கேட்டது கிடைக்கவில்லை என்றால் உன் விசுவாசம்தான் குறைவு என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். தம் உடலில் முள்போல் இருந்த ஒரு வேதனையை எடுத்துப்போடும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற பதில் வந்தது. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசுவே கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. கேட்டது கிடைக்காமல் போனதால் அது ஜெபமே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மற்றவர்களுக்காக ஜெபிப்பதைப் பற்றி. இப்போது ஒவ்வொரு சபைக்கும் வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. ஒருவர் ஜெபக்குறிப்பு போட்டதும் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுகின்றன. எத்தனை பேர் உண்மையிலேயே நின்று அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தோம்? ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜெபிக்காமல் இருப்பதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. உங்களுக்காக விண்ணப்பம் செய்யாதிருந்தால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாயிருப்பேன் என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொன்னார், அதுவும் தன்னை ஒதுக்கிவிட்டு ராஜாவைக் கேட்ட ஜனங்களைப் பார்த்து. குறிப்பைப் பார்த்த இடத்திலேயே ஒரு நிமிடம் கண்ணை மூடுங்கள், ஜெபித்து முடித்த பிறகு அந்தப் படத்தைப் போடுங்கள்.

சேர்ந்து ஜெபிப்பதற்கும் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. 1727இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹட் என்ற சிறிய குடியிருப்பில், தங்களுக்குள் கடுமையாகச் சண்டைபோட்டு அந்தக் கோடையில்தான் ஒப்புரவான மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர், 24 ஆண்களும் 24 பெண்களுமாகச் சேர்ந்து ஒரு நாளின் மணி நேரங்களைப் பிரித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான், ஆனால் அந்தத் தொடர் நூறு வருடத்துக்கும் மேலாக அறுபடவில்லை, ஐந்தே வருடத்தில் அங்கிருந்து மிஷனரிகள் கடல் கடந்து போனார்கள். 1857 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தில் ஜெரமையா லான்ஃபியர் என்பவர் வேலைக்குப் போகிறவர்களுக்காக மதிய வேளையில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, முடிந்தால் முழு மணி நேரமோ இருந்துவிட்டுப் போகலாம் என்று அழைத்தார். முதல் அரை மணி நேரம் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார், கடைசியில் ஆறு பேர் இருந்தார்கள். சில மாதங்களில் அந்த நாட்டின் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மதிய வேளையில் ஜெபத்துக்குக் கூடினார்கள். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கக் கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. நம் ஜெபக்கூட்டங்களுக்கும் அந்த விதி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முக்கால் மணி நேரம் பாட்டு, அரை மணி நேரம் செய்தி, அறிவிப்புகள், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரே ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து ஜெபிக்கிறார், அதற்கு ஜெபக்கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போதகர்களிடமும் சபைப் பொறுப்பாளர்களிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை ஜெபத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள், வந்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு வரியாவது ஜெபிக்கட்டும், அதன் பிறகு கணக்கை எடுங்கள். உங்கள் போதகர் எந்தெந்த வேலையை விட்டால் அவருக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கி, அந்த வேலைகளுக்கு அன்றைக்கே ஆட்களை நியமியுங்கள். ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழில் சபைகளின் கன்வென்ஷன், பண்டிகை அறிவிப்புகளை வெளியிடும்போது வாராந்தர ஜெபக்கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்து வெளியிட முடியுமானால் அதற்கும் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்